ஸ்பானிய மொழியில் 'தத்துவாஹே': ஒரு சொல்லின் வரலாறும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

பச்சை குத்துதல் என்னும் செயலையும் அவ்வாறு குத்தப்பட்ட உருவத்தையும் குறிக்க இன்றைய ஸ்பானிய மொழியில் வழங்கும் சொல் 'தத்துவாஹே' என்பதாகும். 'பச்சை குத்து' என்னும் வினைக்கு நிகராகத் 'தத்துவார்' வழங்குகிறது. இருமொழி அகராதியைப் புரட்டுபவர் இவ்விணையை ஒரே பார்வையில் அறிந்துகொள்வர். ஆயினும் இச்சொல் ஸ்பானிய மொழியை வந்தடைந்த வழியையும், அது வருமுன் அவ்விடத்தில் இருந்த சொற்களையும் இருமொழி அகராதி காட்டுவதில்லை. இவற்றை அறியாது 16, 17ஆம் நூற்றாண்டு ஸ்பானிய நூல்களை மொழிபெயர்ப்பவர், மூல ஆசிரியர் அறிந்திராத ஒரு சொல்லை அவர் வாயில் இட்டுவிட நேரும்.

ஸ்பானியர் இவ்வழக்கத்தைக் கண்டது 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இன்று வழங்கும் பெயரின் மூலச்சொல் ஐரோப்பிய மொழிகளில் புகுந்ததோ 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். இடைப்பட்ட காலத்தில் ஸ்பானிய மொழி தன்னிடமிருந்த இரண்டு பழைய வினைகளைக் கொண்டே இவ்வழக்கத்தைக் கூறிவந்தது. அவ்விரு வினைகளும் புதிய சொல்லும் பொருளால் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்ந்து, அவ்வேறுபாடு மொழிபெயர்ப்பாளருக்கு ஏன் இன்றியமையாதது என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒலிபெயர்ப்புப் பற்றி ஒரு குறிப்பு. ஸ்பானிய மொழியில் உயிர்களுக்குக் குறில் நெடில் வேறுபாடு இல்லை. இங்குக் காட்டப்படும் நெடில் பெரும்பாலும் சொல்லழுத்தம் விழும் அசையையே குறிக்கும். 'தத்துவாஹே' என்பதில் அழுத்தம் 'வா' மீது விழும். 'ஹே' என்பதிலுள்ள மெய், கடையண்ணத்தில் எழும் ஒலிப்பிலா உரசொலியாகும். தமிழில் வழங்கும் 'தத்துவம்' என்னும் சொல்லோடு இதற்கு எவ்வகை உறவும் இல்லை.

2. 'லப்ரார்': வேலைப்பாட்டின் வினை

1511இல் ஸ்பானியக் கப்பல் ஒன்று கரீபியக் கடலில் உடைந்தது. உயிர்தப்பியவர்கள் யுக்காத்தான் தீபகற்பத்தில் கரையொதுங்கினர். அவர்களுள் கொன்சாலோ கெர்ரேரோ என்பவர் மாயா மக்களிடையே மணம் புரிந்து அங்கேயே தங்கிவிட்டார். 1519இல் எர்னான் கோர்த்தேஸ் வந்தபோது உடனிருந்த ஹெரோனிமோ தெ அகிலார் தம் நாட்டவரோடு சேர்ந்துகொள்ள, கெர்ரேரோ வர மறுத்தார். இந்நிகழ்ச்சியைப் பெர்னால் தீயாஸ் தெல் காஸ்தில்யோ தம் வரலாற்று நூலில் கூறுகிறார். 16ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அந்நூல் 1632இல் மத்ரித்தில் அச்சேறியது. கெர்ரேரோ மறுத்ததற்குக் கூறும் காரணங்களுள் ஒன்று அவருடைய முகத்தின் நிலை. அந்நிலையைக் குறிக்க நூலாசிரியர் ஆண்ட சொல் 'லப்ராதா' என்பதாகும். இது 'லப்ரார்' என்னும் வினையின் பெண்பால் எச்ச வடிவம். முகத்தைக் குறிக்கும் ஸ்பானியச் சொல் பெண்பாலாதலின் இவ்வடிவம் பெற்றது.

'லப்ரார்' என்பது உழைப்பைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. நிலத்தை உழுதல், கல்லையும் மரத்தையும் செதுக்குதல், வெள்ளியில் சித்திர வேலை செய்தல், துணியில் பூவேலை செய்தல் ஆகிய அனைத்தையும் இவ்வினை குறிக்கும். உழவரைக் குறிக்கும் 'லப்ரதோர்' என்னும் பெயரும் இதிலிருந்தே பிறந்தது. ஆகவே 'லப்ராதா' எனப்பட்ட முகம் கைவினைஞரால் வேலைப்பாடு செய்யப்பட்ட முகமாகும். உடல் இங்கு நிலத்தைப்போல, கல்லைப்போல, உழைப்பை ஏற்கும் ஒரு பொருளாகக் கருதப்படுகிறது.

ஏறத்தாழ 1566இல் யுக்காத்தானைப் பற்றி எழுதிய பிரான்சிஸ்கன் துறவி தியேகோ தெ லாந்தாவும் இவ்வினையையே ஆள்கிறார். மாயா மக்கள் இவ்வேலைப்பாட்டைத் தம் உடலில் எவ்வளவு மிகுதியாகச் செய்துகொண்டனரோ அவ்வளவு வீரராக மதிக்கப்பட்டனர் என்றும், அதற்குக் காரணம் அவ்வேலை தரும் கடுமையான வேதனையே என்றும் அவர் எழுதுகிறார். மை கொண்டு வரைந்து, பின்னர் அதன்மேல் கீறுவது என்னும் செய்முறையையும் விளக்குகிறார்.

இவ்வினையில் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, அதில் இழிவுக் குறிப்பு ஏதும் இல்லை. வேலையின் அருமையும் அதைத் தாங்கியவரின் உறுதியும் அதனுள் அடங்கும். இரண்டாவது, கருவி எது என்பதை அவ்வினை கூறுவதில்லை. ஊசியால் குத்தி மையேற்றுவதும், கத்தியால் கீறித் தழும்பு உண்டாக்குவதும் 'லப்ரார்' என்பதற்குள் அடங்கும். பெர்னால் தீயாஸின் நூலை 20ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் அவ்விடத்தில் 'டாட்டூ' என்னும் சொல்லை இட்டனர். மூலம் திறந்து வைத்த ஒன்றை அம்மொழிபெயர்ப்புகள் மூடிவிட்டன. கெர்ரேரோவின் முகத்தில் இருந்தது மையா தழும்பா என்பதை மூலச்சொல் முடிவு செய்யவில்லை. மொழிபெயர்ப்பு முடிவு செய்துவிட்டது.

3. 'பின்தார்': நிறத்தின் வினை

பசிபிக்கின் மேற்குக் கோடியில் ஸ்பானிய மொழி வேறொரு வினையைத் தேர்ந்தது. 1565இல் மிகெல் லோபெஸ் தெ லெகாஸ்பி செபூ தீவில் குடியேற்றம் அமைத்த பின்னர், பிலிப்பைன்ஸின் நடுப்பகுதியிலுள்ள விசயன் தீவுகளின் மக்களை ஸ்பானியர் 'பின்தாதோஸ்' என அழைத்தனர். 'வண்ணம் தீட்டப்பட்டவர்கள்' என்பது அதன் நேர்ப்பொருள். தீட்டுதலைக் குறிக்கும் 'பின்தார்' என்னும் வினையின் எச்சம் பன்மை விகுதி பெற்று இனப்பெயராயிற்று. 1582இல் மிகெல் தெ லோவார்க்கா எழுதிய அறிக்கையில் இப்பெயர் வழங்குகிறது. ஏறத்தாழ 1590ஆம் ஆண்டைச் சேர்ந்த, 'பாக்சர் சுவடி' என அறியப்படும் கையெழுத்து நூலில் உடல் முழுதும் கோலங்கள் கொண்ட விசயன் ஆடவரின் வண்ணப் படங்கள் உள்ளன. அம்மக்களின் மொழியில் இவ்வழக்கத்துக்குப் 'பாத்துக்' எனவும் 'பாத்திக்' எனவும் பெயர்கள் இருந்தும், ஸ்பானிய மொழி அவற்றைத் தன் பொதுச்சொல்லாக ஏற்கவில்லை.

'பின்தார்' என்பது 'லப்ரார்' என்பதற்கு நேர்மாறான குறையுடையது. கண்ணுக்குத் தெரியும் நிறத்தை அது கூறும். தோலைத் துளைத்த கருவியையும் சிந்திய குருதியையும் கூறாது. தீட்டிய வண்ணத்தைக் கழுவி நீக்கலாம். விசயன் மக்களின் உடலில் இருந்தது நீங்காதது. இக்குறையை அக்கால எழுத்தாளர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு 1604இல் ரோமில் வெளிவந்த பேத்ரோ சிரீனோவின் நூல் சான்றாகும். இம்மக்கள் 'பின்தாதோஸ்' எனப்படுவது ஏன் என அவர் தனியே விளக்குகிறார். கூரிய முனையால் குத்திக் குருதி வரச் செய்து, அக்குருதியின்மேல் கரிய பொடியை இடுவதையும், அது என்றும் அழியாதிருப்பதையும், உடல் முழுவதையும் ஒரே சமயத்தில் செய்யாது பகுதி பகுதியாகப் பல நாள் செய்வதையும், வேதனையைத் தாங்கும் வலிமை வந்த பின்னரே இளைஞர் இதை மேற்கொள்வதையும் விவரிக்கிறார். வினையே போதுமானதாக இருந்திருப்பின் இவ்விளக்கத்துக்குத் தேவை இருந்திராது.

அயலவரின் உடற்கோலத்தைக் கொண்டு அவர்களுக்கு இனப்பெயர் இடுவது ஐரோப்பாவிற்குப் புதியதன்று. வட பிரித்தானியப் பழங்குடியினரைக் குறிக்க கி.பி. 297இல் முதன்முதலாகப் பதிவான 'பிக்தி' என்னும் இலத்தீன் பெயரும் 'தீட்டப்பட்டவர்' எனவே பொருள் கொள்ளப்பட்டுவருகிறது. 'பின்தார்' என்னும் ஸ்பானிய வினையும் அதே இலத்தீன் வேரினது. பேரரசின் மொழி, தான் எதிர்கொண்ட மக்களை அவர்கள் செய்த செயலால் அன்றித் தன் கண்ணுக்குப் பட்ட தோற்றத்தால் பெயரிட்டது. கிறித்தவம் பரவிய பின்னர் விசயன் தீவுகளில் இவ்வழக்கம் மறைந்தது. பெயருக்குக் காரணமான கோலம் அழிந்த பிறகு, அதைப் பற்றிய எழுத்துச் சான்றுகளுள் பெரும்பகுதி 'தீட்டுதல்' என்னும் இப்பொருந்தாச் சொல் வழியாகவே எஞ்சியது.

4. தாகித்தியிலிருந்து பாரிஸ் வழியே

பாலினேசிய மொழிகளில் இவ்வழக்கத்தின் பெயர் 'தத்தாவு' என்பது. அதனைத் 'தட்டு, அடி' எனப் பொருள்படும் 'தா' என்னும் வேரோடு இணைத்துக் காண்பர். மை தோய்த்த பல்வரிசைக் கருவியைத் தோல்மேல் வைத்துச் சிறு கோலால் தட்டிச் செய்யும் முறைக்கு இப்பெயர் பொருத்தமானது. 1769இல் தாகித்தித் தீவில் தங்கிய ஜேம்ஸ் குக் இச்சொல்லைத் தம் குறிப்பில் பதிந்தார். ஹாக்ஸ்வர்த் தொகுத்த அப்பயண வரலாறு 1773இல் இலண்டனில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே பாரிஸில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் வெளியாயிற்று. ஆங்கிலத்தில் 'டாட்டூ' எனவும், பிரெஞ்சில் 'தத்துவே' என்னும் வினையாகவும் 'தத்துவாஜ்' என்னும் பெயராகவும் இச்சொல் நிலைபெற்றது. பிரெஞ்சுப் பெயரிலிருந்தே ஸ்பானிய 'தத்துவாஹே' பிறந்தது.

இங்கு எழும் வினா ஒன்று உண்டு. ஸ்பானியர் பாலினேசியரை அறியாதவர் அல்லர். குக்கிற்கு 174 ஆண்டுகள் முன்னரே, 1595இல், ஆல்வரோ தெ மெந்தான்யாவின் கப்பல்கள் மார்க்கேசத் தீவுகளை அடைந்தன. அம்மக்களின் உடலில் நீல நிறத்தில் மீன்களும் பிற வேலைப்பாடுகளும் இருந்ததை அப்பயணத்தின் மாலுமித் தலைவர் கிரோஸ் பதிந்துள்ளார். தாகித்தியிலும் அவர்கள் இருந்தனர். பெரு நாட்டின் அரசப் பிரதிநிதி மனுவெல் தெ அமாத் அனுப்பிய தோமிங்கோ தெ போயெனேச்சியா 1772இலும் 1774இலும் அங்குச் சென்றார். லீமாவைச் சேர்ந்த மாக்சிமோ ரோத்ரிகெஸ் என்னும் வீரர் 1774–75இல் அத்தீவில் தங்கி, மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, நாட்குறிப்பும் எழுதினார். சொல் பிறந்த மண்ணில், அம்மொழியைப் பேசத் தெரிந்த ஒரு ஸ்பானியர் வாழ்ந்திருக்கிறார். அவ்வாறிருந்தும் சொல் அவர் வழியே வராமல் இலண்டனையும் பாரிஸையும் சுற்றி வந்ததற்குக் காரணம் என்ன?

காரணம் அச்சில் உள்ளது. குக்கின் பயணம் அச்சேறி, விற்பனையாகி, மொழிபெயர்க்கப்பட்டது. ஸ்பானியப் பயணங்களின் ஆவணங்கள் ஆவணக் காப்பகங்களில் தங்கின. ரோத்ரிகெஸின் நாட்குறிப்பு உள்ளிட்ட அவ்வாவணங்களை ஆங்கிலத்தில் ஹக்லூயத் சங்கம் மூன்று தொகுதிகளாக வெளியிட்டது 1913க்கும் 1919க்கும் இடையே ஆகும். ஒரு பொருளை முதலில் கண்டவர் மொழியே அதற்குப் பெயர் தரும் என்பதில்லை. அதைப் பற்றி முதலில் படிக்கப்பட்ட மொழியே பெயர் தருகிறது. கடன் சொற்களின் வரலாற்றை ஆராய்வோர் மக்கள் தொடர்பை மட்டும் நோக்காது நூல்களின் புழக்கத்தையும் நோக்க வேண்டும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

5. சொல் இலக்கணத்தில் அமைந்த முறை

கடன் பெற்ற சொல் ஸ்பானிய இலக்கணத்துள் முழுமையாக அமைந்துவிட்டது. 'ஆஹே' என்பது ஸ்பானிய மொழியில் ஏற்கெனவே வேரூன்றிய ஈறு. பயணத்தைக் குறிக்கும் 'வியாஹே', செய்தியைக் குறிக்கும் 'மென்சாஹே', நிலக்காட்சியைக் குறிக்கும் 'பைசாஹே' முதலியன இவ்வகையின. பிரெஞ்சு ஈறு 'ஆஜ்' வரும்போதெல்லாம் அதனை 'ஆஹே' ஆக்குவது வழக்கமாகிவிட்டமையின், பாலினேசியச் சொல்லும் அவ்வரிசையில் இடம்பெற்றது. இவ்வீற்றுப் பெயர்கள் ஸ்பானியத்தில் ஆண்பால். ஆனால் போர்த்துக்கீசிய மொழியில் இதற்கு இணையான ஈறு பெண்பால். ஆகவே 'தத்துவாஜெய்ன்' அங்குப் பெண்பாற் பெயராகும். ஒன்றைக் கற்று மற்றொன்றுக்குச் செல்பவர் இவ்விடத்தில் வழுவுதல் இயல்பு.

'தத்துவார்' என்னும் வினையில் நிகழ்காலத் தன்மை ஒருமை 'தத்தூஓ' என வரும். உகரம் தனி அசையாகி அழுத்தம் பெறும். 'செயல்படு' எனப் பொருள்படும் 'அக்துவார்' என்பதும் இவ்வாறே 'அக்தூஓ' ஆகும். ஆனால் 'விசாரித்து அறி' எனப் பொருள்படும் 'அவெரிகுவார்' போன்று, உகரத்துக்கு முன் ககர ஒலி வரும் வினைகள் 'அவெரீகுவோ' என உகரத்தை அடுத்த உயிரோடு இணைத்தே ஒலிக்கும். பச்சை குத்துபவர் ஆடவராயின் 'தத்துவதோர்', பெண்டிராயின் 'தத்துவதோரா'.

ஒலியொப்புமையால் வரும் குழப்பங்கள் இரண்டு. தென்னமெரிக்க ஸ்பானியத்தில் 'தத்தூ' என்பது, உடலில் ஓடு போர்த்த ஆர்மடில்லோ என்னும் விலங்கு. குவரானி மொழியிலிருந்து வந்தது. ஆங்கில 'டாட்டூ'வுக்குப் படைமுரசு என்னும் மற்றொரு பொருள் உண்டு. அது டச்சு மொழியிலிருந்து வந்த வேறொரு சொல். அதற்கு ஸ்பானியத்தில் 'ரெத்ரேத்தா' என்பதே நிகர். இவற்றுள் எதனையும் 'தத்துவாஹே'யோடு இணைத்தல் பொருந்தாது.

6. தொடரமைப்பும் தமிழும்

பிறரைக் கொண்டு தன் உடலில் பச்சை குத்திக்கொள்வதை ஸ்பானிய மொழி 'அசேர்செ ஊன் தத்துவாஹே' எனக் கூறும். 'தனக்கு ஒரு பச்சையைச் செய்துகொள்ளுதல்' என்பது இதன் சொல்வழிப் பொருள். 'செ தத்துவோ ஊனா ரோசா என் எல் பிராசோ' என்னும் தொடர் 'கையில் ஒரு ரோசாப்பூவைப் பச்சை குத்திக்கொண்டாள்' எனப் பொருள்படும். 'செ' என்னும் தற்சுட்டுப் பெயர், செயலின் பயன் எழுவாய்க்கே திரும்புவதைக் காட்டும். குத்தியவர் அவளா வேறொருவரா என்பதைத் தொடர் கூறுவதில்லை. 'செ' என்பதற்குப் பதிலாக 'லே' வரின், எழுவாய் வேறொருவரது கையில் குத்திய செய்தி கிடைக்கும்.

இவ்விடத்தில் தமிழுக்கும் ஸ்பானியத்துக்கும் உள்ள ஒற்றுமை வியக்கத்தக்கது. தமிழின் 'கொள்' என்னும் துணைவினை 'செ' ஆற்றும் பணியை ஆற்றுகிறது; 'குத்திக்கொண்டாள்' என்பதும் குத்தியவர் யார் எனக் கூறுவதில்லை. ஸ்பானியம் உறுப்புப் பெயரோடு 'அவளுடைய' என்னாது சுட்டடையை மட்டும் இடும். தமிழும் 'கையில்' என்று மட்டுமே கூறும். ஆங்கிலமே இங்கு உடைமைப் பெயரை வேண்டுவது. ஸ்பானிய நூலை ஆங்கில வழியே தமிழாக்குபவர் 'அவளுடைய கையில்' என எழுதுவராயின், இரு மொழிகளுக்கும் இயல்பல்லாத ஒன்றை இடைமொழியிலிருந்து கொண்டுவந்தவராவர்.

7. சொல் ஏற்ற சார்புப் பொருள்கள்

'லப்ரார்' வேலையைச் சுட்டியது. 'பின்தார்' நிறத்தைச் சுட்டியது. 'தத்துவாஹே' என்பதற்கு ஸ்பானிய மொழிக்குள் வேர்ப்பொருள் இல்லை. ஆகவே எத்துறை அதனை ஆண்டதோ அத்துறையின் குறிப்பை அது ஏற்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வாறு ஆண்டது குற்றவியல். இத்தாலியில் லொம்ப்ரோசோ 1876இலும், பிரான்சில் லக்கசாஞ் 1881இலும் கைதிகளின் உடலிலுள்ள பச்சைக் குறிகளைக் குற்ற இயல்போடு சேர்த்து ஆராய்ந்தனர். ஸ்பெயினில் ரஃபாயெல் சலியாஸ் அவ்வாய்வைத் தொடர்ந்தார். மறுபுறம் கடலோடிகளின் வாழ்க்கை இச்சொல்லுக்கு ஏக்கத்தின் சாயலைத் தந்தது. கோஞ்சா பிக்கேர் பாடி 1941இல் புகழ்பெற்ற 'தத்துவாஹே' என்னும் பாடலும், அதன் பெயரையே தலைப்பாகக் கொண்டு 1974இல் மனுவெல் வாஸ்கெஸ் மொந்தல்பான் எழுதிய துப்பறியும் புதினமும் இதற்குச் சான்றுகள். அப்புதினத்தில் கடலில் கிடைத்த ஓர் உடலை அடையாளம் காண அதன் தோலிலுள்ள எழுத்தே துணையாகிறது.

இவற்றுள் குற்றக் குறிப்பு சட்டத்திலும் இடம்பெற்றது. எல் சால்வதோரில் 2003 அக்டோபரில் இயற்றப்பட்ட கும்பல் தடுப்புச் சட்டம், சட்டவிரோதக் குழுவை அறிவதற்கான அளவுகோல்களுள் ஒன்றாகத் தழும்புகளாலோ 'தத்துவாஹே'க்களாலோ உடலைக் குறியிட்டுக்கொள்வதைக் கூறியது. அங்கு ஆளப்பட்டது 'மார்கார்' என்னும் வினையின் தற்சுட்டு வடிவம். குறியிடுதலைக் குறிக்கும் இவ்வினை கால்நடைக்குச் சூடிடுவதற்கும் வழங்குவது. 'செ' சேர்ந்தமையின், குறி எழுவாயின் விருப்பத்தால் ஏற்பட்டது என்பது சட்டத்தின் இலக்கணத்திலேயே அடங்கிவிட்டது. அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு 2004 ஏப்ரலில் அச்சட்டம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. எனினும் 2022 மார்ச்சில் தொடங்கிய நெருக்கடி நிலையின்போது பச்சைக் குறிகள் மீண்டும் கைதுக்குக் காரணமாயின. 2025 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்காவிலிருந்து அந்நாட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்ட வெனிசுவேலர் பலர் கும்பலைச் சேர்ந்தவர்கள் என்பதற்கு அவர்தம் பச்சைக் குறிகளும் சான்றாகக் காட்டப்பட்டன. லாந்தாவின் காலத்தில் வீரத்தின் அளவாகப் பதிவான ஒன்று, இன்று ஒருவரது விடுதலையை முடிவு செய்யும் சான்றாக நிற்கிறது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் 'குறி', 'தழும்பு', 'பச்சை' ஆகியவற்றுள் எதனைத் தேர்கிறார் என்பது வெறும் நடையழகைப் பற்றிய வினா அன்று.

8. தமிழாக்கத்துக்கான கருத்துகள்

தமிழின் 'பச்சை குத்து' என்னும் கூட்டுவினை, ஸ்பானிய மொழி இரண்டாகப் பிரித்துக் கூறியதை ஒன்றாகக் கூறுகிறது. 'பச்சை' நிறத்தையும் 'குத்து' கருவியின் செயலையும் சுட்டும். இச்செறிவே மொழிபெயர்ப்பில் இடராகவும் அமையக்கூடும். 'பின்தாதோஸ்' என்பதைப் 'பச்சை குத்தப்பட்டவர்கள்' எனப் பெயர்த்தால், சிரீனோ ஏன் நெடிய விளக்கம் தந்தார் என்பது தமிழ் வாசகருக்குப் புலப்படாது. ஊசியும் குருதியும் சொல்லிலேயே வந்துவிட்டன. அங்கு 'வண்ணம் தீட்டப்பட்டவர்கள்' எனப் பெயர்த்து, விளக்கத்தை அவ்வாசிரியரே தருமாறு விடுதல் தகும். 'லப்ராதா' என வரும் இடத்தில் 'வேலைப்பாடு செய்யப்பட்ட' என்பது மூலத்தின் ஐயத்தையும் மதிப்பையும் காக்கும். 'தத்துவாஹே' என வரும் பிற்கால நூல்களில் 'பச்சை' என்பது பெரும்பாலும் பொருந்தும். இன்றைய நகர வாழ்க்கையைக் கூறும் பனுவல்களில், பல வண்ணங்களில் மின்கருவியால் இடப்படுவதைக் குறிக்க 'டாட்டூ' என்பதையும் ஆளலாம். இளைஞர் பேச்சில் அது வழங்குகிறது.

9. முடிவுரை

ஸ்பானிய மொழியில் பச்சை குத்துதலுக்குரிய சொல்லைக் கற்றல் என்பது மூன்று வினைகளைக் கற்றலாகும். கையின் உழைப்பைக் கூறுவது ஒன்று; கண் கண்ட நிறத்தைக் கூறுவது ஒன்று; தொலைவிலிருந்து அச்சு வழியே வந்து, ஆண்டவர் ஏற்றிய குறிப்பையெல்லாம் தாங்குவது ஒன்று. மூன்றையும் ஒரே தமிழ்ச் சொல்லால் பெயர்ப்பின் யுக்காத்தானின் வீரரும், விசயன் தீவினரும், சால்வதோரின் கைதியும் ஒரே பார்வைக்குள் அடைபட்டுவிடுவர். அவர்களைப் பார்த்தவர் யார், எவ்வாறு பார்த்தார் என்பதை மூலத்தின் வினை தெரிவிக்கிறது. அவ்வேறுபாட்டைக் காத்துத் தருதல் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.